மாதக் குறிப்பு எழுதத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உட்கார்ந்து, அந்த மாதம் படித்தது, யோசித்தது, வீட்டில் நடந்தது மூன்றையும் சேர்த்து நான்கைந்து பக்கம் எழுதி வருகிறேன். ஏழெட்டு நண்பர்களுக்கு அதை அனுப்புவதும் உண்டு. அவர்களில் சிலர் தாங்களும் எழுதத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

மாதக் குறிப்பு என்றால் டைரிதானே? புதிதாக என்ன இருக்கிறது?

டைரி அன்றன்றைக்கு எழுதுவது. எது பெரியது, எது அற்பம் என்று அன்றிரவு யாருக்கும் தெரியாது; அதனால் எல்லாமே உள்ளே வரும். தமிழில் இதற்குப் பெரிய முன்னோடி ஆனந்தரங்கப் பிள்ளை. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, அரண்மனையில் இன்ன பேச்சு அடிபடுகிறது என்று 1736 முதல் 1761 வரை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பை வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆறப்போடாமல் எழுதியதால் வந்த மதிப்பு அது.

மாதக் குறிப்பு முப்பது நாளையும் திரும்பிப் பார்த்து எழுதுவது. அதோடு, படித்த புத்தகமும் அதைப் படித்த நாட்களும் இதில் ஒரே பக்கத்தில் இருக்கும். புத்தக மதிப்புரையில் படித்தவர் எந்த நிலைமையில் இருந்துகொண்டு படித்தார் என்பதற்கு இடமில்லை. டைரியிலோ புத்தகம் ஒரு வரியில் போய்விடும். இரண்டையும் அருகருகே வைப்பதற்காகத்தான் இந்த வடிவம் என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

வாரம் ஒருமுறை எழுதினால் என்ன? அல்லது ஆண்டுக் கடைசியில் மொத்தமாக எழுதக்கூடாதா?

வாரம் மிக அருகில் இருக்கிறது. திங்களன்று வந்த கோபம் ஞாயிறு வரை தணிந்திருக்காது. ஆண்டு மிகத் தள்ளி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் எழுதுகிறவர்களின் பக்கங்களைப் பாருங்கள்: நவம்பரும் டிசம்பரும் விரிவாக இருக்கும், மார்ச்சைக் காணோம்.

மறதியைப் பற்றி முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாக ஓடுகிறது, பிறகு நடை தளர்கிறது என்பது அவர் கண்டது. அசைகளுக்கான கணக்கு வாழ்க்கைக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் மாதக் கடைசியில் மனத்தில் மிஞ்சியிருப்பது ஏற்கெனவே ஒருமுறை சலிக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். சல்லடையில் தங்கியதைக் கொண்டு எழுதினால் போதும்.

என் வாழ்க்கையில் எழுதும்படி ஒன்றுமே நடப்பதில்லையே. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், தூங்குகிறேன். இதில் என்ன எழுத?

சில ஆண்டுகளுக்கு முன் அத்தைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகி, ஒரு மாதம் என்னோடு இருந்தார். இரண்டு சொட்டு மருந்துகள். இளஞ்சிவப்பு மூடிப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டபின் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் வெள்ளை மூடிப் புட்டியைத் திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை. அந்த ஐந்து நிமிடமும் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்; நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டாம் நாள், “சும்மா நிற்காதே, கையில் இருக்கிறதைப் படி” என்றார். கையில் இருந்தது ஒரு நாவல். ஐந்து நிமிடத்தில் சத்தம் போட்டுப் படித்தால் இரண்டு பக்கம் போகும். நான்கு வேளைக்கு எட்டுப் பக்கம். மாதம் முடியும்போது 240 பக்கம் ஆகியிருந்தது.

எழுத உட்கார்ந்தபோது “இந்த மாதம் குறிப்பிடும்படி எதுவும் இல்லை, அத்தையைக் கவனித்துக்கொண்டேன்” என்றுதான் முதல் வரி வந்தது. அதை அடித்துவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று மட்டும் எழுதினேன். மருந்து கடைக்கண்ணில் திரண்டு காதுப் பக்கம் வழியும்; பஞ்சால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. “நிறுத்து, இவன் முன்னாலேயே வந்தவனா?” என்று கேட்பார். அவரால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாதே. பெயர்களை ஓட்டமாகப் படித்துக் கடந்துவிடும் என் பழக்கம் அந்த மாதத்தோடு நின்றது. மூன்று பக்கம் எழுதியும் தீரவில்லை.

ஆகவே “என்ன நடந்தது?” என்று உங்களைக் கேட்டுக்கொள்ளாதீர்கள். “இந்த மாதம் எதைத் திரும்பத் திரும்பச் செய்தேன்?” என்று கேளுங்கள். வேலைக்குப் போய் வருகிறவருக்குப் போகும் வழி இருக்கிறது, காத்திருக்கும் நேரம் இருக்கிறது, தினமும் பார்த்துப் பெயர் தெரியாத முகம் ஒன்று இருக்கிறது.

மாதத்துக்கு ஒரு புத்தகம்கூட முடிக்க முடியவில்லை. எழுதலாமா?

தாராளமாக. மேலே சொன்ன நாவலும் அந்த மாதம் முடியவில்லை. அறுபது பக்கம் பாக்கி இருந்தது. எத்தனை முடித்தோம் என்ற எண்ணிக்கையைத் தலைப்பில் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை வந்துவிட்டால் மெல்லிய புத்தகங்களைத் தேடிப் போகத் தோன்றும். கனமான புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். ஒரு கவிதையை ஒரு மாதம் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று யாராவது எழுதினால், அதுதான் நான் முதலில் படிக்க விரும்பும் குறிப்பு.

பாதியில் விட்டது, காதால் கேட்டது, பத்திரிகைக் கட்டுரை, இதெல்லாம் “படித்தேன்” கணக்கில் வருமா?

புள்ளிவிவரம் சேர்க்கிறவர்களுக்கு வரையறை வேண்டும். அட்டை நீங்கலாக 49 பக்கமாவது இருந்தால்தான் புத்தகம், அதற்குக் குறைந்தால் சிறுவெளியீடு என்று 1964இல் யுனெஸ்கோ பரிந்துரைத்தது. நாடுகளின் பதிப்புக் கணக்குகளை ஒப்பிடுவதற்கு அது உதவும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எது உங்களை நிறுத்தி யோசிக்க வைத்ததோ அது வரலாம்.

ஒலிப்புத்தகத்தைக் கேட்டதாகவே எழுதுங்கள், படித்ததாக எழுத வேண்டாம். மதிப்புக் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை, அனுபவம் வேறு. அத்தை அந்த நாவலைக் கேட்டார், நான் படித்தேன். இருவருக்கும் நினைவில் நின்ற இடங்கள் வேறு வேறு. பாதியில் விட்டதைக் கட்டாயம் எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அன்று மனநிலை என்ன என்பதோடு. இரண்டு ஆண்டு கழித்து அதே புத்தகத்தை எடுக்கும்போது அந்த வரி கைகொடுக்கும்.

படித்து முடித்துப் பத்து நாள் ஆனால் எதுவுமே நினைவில் இல்லை. எதை வைத்து எழுதுவது?

மிக அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேனுக்கும் இதே தொல்லை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கவனமாகப் படித்து ஓரமெல்லாம் கிறுக்கி வைத்த புத்தகத்தையே புதிது என்று எண்ணி மறுபடி எடுத்தது ஒருமுறைக்கு மேல் நடந்தது என்று எழுதியிருக்கிறார். அதற்கு அவர் செய்துகொண்ட ஏற்பாடு, புத்தகத்தின் கடைசியில் படித்து முடித்த தேதியையும் மொத்தத்தில் தோன்றிய கருத்தையும் எழுதிவிடுவது. நானூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இதைவிட எளிய வழியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதுவது. மாணவன் கடமைகளைச் சொல்லும் நன்னூல், ‘பாடம் போற்றல்’ என்று சொன்ன கையோடு ‘கேட்டவை நினைத்தல்’ என்கிறது. கேட்டதைத் தானே மனத்துக்குள் மீட்டுப் பார்ப்பது தனியாக ஒரு கடமை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரே பகுதியைச் சிலர் மறுபடி படித்தார்கள். சிலர் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள்.

ஆகவே பத்து நிமிடம், வெறும் தாள், மூடிய புத்தகம். வருவதை வந்த வரிசையில் எழுதுங்கள். கதையின் முக்கியத் திருப்பம் வராமல், ஈரக் கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தது மட்டும் வரலாம். அதையே எழுதுங்கள். பெயரும் எழுத்துப் பிழையும் சரிபார்ப்பதற்கு மட்டும் பிறகு புத்தகத்தைத் திறந்தால் போதும்.

அப்படியானால் மாதம் நடுவில் குறிப்பே எடுக்க வேண்டாமா?

எடுக்கலாம், ஆனால் சிக்கனமாக. நான் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். பக்க எண்ணும் இரண்டு மூன்று சொல்லும்தான் அதில் கொள்ளும். பெரிய நோட்டு வைத்திருந்த காலத்தில் பத்திகளைப் படியெடுத்துக்கொண்டே போனேன். மாதக் கடைசியில் என் கையில் இருந்தது முழுக்க ஆசிரியரின் வாக்கியங்கள்.

ஒன்றை மட்டும் உடனே எழுதிவிடுங்கள்: உங்கள் கருத்துக்கு எதிராக வருவதை. தன் முடிவுகளுக்கு முரணான செய்தியோ எண்ணமோ எதிர்ப்பட்டால் தவறாமல் உடனுக்குடன் குறித்துக்கொள்வதைப் பல ஆண்டுகள் விதியாக வைத்திருந்ததாக சார்லஸ் டார்வின் தன் வரலாற்றில் சொல்கிறார். சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவர் கண்ட காரணம். முந்தைய பதிலில் நினைவை நம்பச் சொன்னேன்; நம்பக்கூடாத இடம் இது.

எந்த வரிசையில் எழுதுவது? முதலில் புத்தகமா, வீட்டு விஷயமா?

மூன்று தலைப்புப் போட்டு மூன்று பெட்டியாகப் பிரிக்காதீர்கள். அந்த மாதத்தில் எது கனத்ததோ அதில் தொடங்குங்கள். மற்றவை தாமாக வந்து சேரும். சேராதவற்றைக் கடைசியில் சிறு சிறு பத்தியாக விட்டுவிடலாம். பிப்ரவரிக் குறிப்பு ஆறு பக்கமும் மார்ச் குறிப்பு ஒன்றரைப் பக்கமும் இருந்தால் எந்தக் குறையும் இல்லை.

புத்தகத்துக்கு மதிப்பெண் போடலாமா? ஐந்துக்கு மூன்று, அப்படி?

போட வேண்டாம் என்பேன். நான் முதல் இரண்டு ஆண்டு போட்டேன். இன்று திருப்பிப் பார்த்தால் “மூன்றரை” என்று இருக்கிறது. ஏன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதே இடத்தில் “நடுப்பகுதி இழுத்தது, ஆனால் தகப்பன் வரும் இடங்களில் எழுந்திருக்க முடியவில்லை” என்று ஒரு வரி எழுதியிருந்தால் புத்தகமும் கிடைத்திருக்கும், அன்றைய நானும் கிடைத்திருப்பேன்.

கதையை எவ்வளவு சொல்வது?

படிக்காதவருக்கு இரண்டு மூன்று வாக்கியம். அதற்குமேல் கதை கேட்க விரும்புகிறவர் புத்தகத்தையே வாங்கிக்கொள்வார்.

ஏற்கெனவே படித்ததைத்தான் திரும்பப் படித்தேன். அதை எழுதினால் சோம்பேறித்தனமாகத் தெரியாதா?

‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்று தொடங்கும் குறளைப் பாருங்கள். நல்லவர்களின் நட்பு பழகப் பழக இனிக்கும் என்பதை விளக்கத்தான் படிக்கப் படிக்கப் பெருகும் நூலின் சுவை அங்கே உவமையாக வருகிறது. உவமை என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். மறுவாசிப்பின் சுவை எல்லோரும் அறிந்தது என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பாடலே நிற்கிறது.

மாதக் குறிப்புக்கு மறுவாசிப்பு போன்ற நல்ல சரக்கு இல்லை. பழைய அடிக்கோடுகள் இருந்தால் இன்னும் நல்லது. எதற்கு அன்று கோடு போட்டீர்கள், இன்று எங்கே போடத் தோன்றுகிறது என்று இரண்டையும் எழுதுங்கள்.

படித்த புத்தகத்தையும் நடந்ததையும் இணைக்கச் சொல்கிறீர்கள். எழுதும்போது வலிந்து இணைத்ததுபோல் ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

இணைக்க வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். முதல் பதிலில் ‘அருகருகே’ என்று சொன்னது அதனால்தான். அத்தை இருந்த மாதத்தின் முதல் வரைவில், “அந்த நாவலும் பார்வையைப் பற்றியதுதான், நாம் எல்லோருமே ஒரு புரையோடு வாழ்கிறோம்” என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது பொய் என்று தெரிந்தது. நாவல் ஒரு நிலத் தகராறைப் பற்றியது. எங்கள் இருவருக்கும் அதில் பிடித்தது, வழக்கு வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போவது. காத்திருக்கிறவர்கள் காத்திருப்பதைப் பற்றிக் கேட்டார்கள், அவ்வளவுதான் உண்மையான தொடர்பு. அதையும்கூட நான் விளக்கவில்லை. “இன்றும் வழக்கு தள்ளிப்போனது. வெள்ளை மூடிப் புட்டியைத் திறந்தேன்” என்று இரண்டு வரியை அடுத்தடுத்து வைத்தேன்.

ஒரு சோதனை சொல்கிறேன். இணைக்கும் வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு முன்னும் பின்னும் உள்ளதைப் படியுங்கள். பத்தி நின்றால் அந்த வாக்கியம் தேவையில்லை. பத்தி விழுந்துவிட்டால் தொடர்பே இல்லை என்று பொருள். இரண்டையும் தனித்தனிப் பத்தியாக்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதலாமா? என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு நண்பருக்கு வேலை போனதைப் பெயர் சொல்லாமல், மிகுந்த பரிவோடுதான் எழுதினேன். படித்தவர்களில் ஒருவருக்கு ஆள் யார் என்று புரிந்துவிட்டது. நண்பர் தன் பெற்றோரிடம் சொல்வதற்கு முன்பே செய்தி அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. என் பரிவு அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அவரும் மன்னித்தார். அன்றைக்குப் பிறகு எனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: ஒருவருடைய நோய், பணம், வேலை, மணவாழ்க்கை, சண்டை ஐந்தும் அவருடையவை. நான் செய்ததும் எனக்குத் தோன்றியதும் மட்டுமே என்னுடையவை.

அவர்களைத் தொடாமல் எழுத முடியாதபோது, அந்தப் பத்திகளை அவர்களிடமே படித்துக் காட்டிவிடுகிறேன். அத்தையிடம் படித்தபோது ‘இயலாமல் படுத்திருந்தார்’ என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “இயலாமல் எங்கே படுத்திருந்தேன்? மருந்துக்காகப் படுத்திருந்தேன்” என்றார். அவர் திருத்தியதுதான் சரியான தமிழும்கூட.

யாருக்கும் காட்டப் போவதில்லை, எனக்காக மட்டும் எழுதுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை தன் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார். 1825இல் அது அச்சில் வந்துவிட்டது. எழுதியது எழுதியவருக்குப் பின்னும் இருக்கும்.

துக்கம் நடந்த மாதத்தில் என்ன எழுதுவது? புத்தகத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருந்தது.

எழுத வரவில்லை என்றால் அந்த மாதத்தின் பெயரை மட்டும் எழுதி வெறும் பக்கமாக விடலாம். நானும் ஒருமுறை அப்படி விட்டிருக்கிறேன். இன்று அந்த வெறும் பக்கத்தைப் பார்த்தாலே எல்லாம் நினைவுக்கு வருகிறது.

எழுத முடிந்தால் எழுதுவது நல்லது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வைப் பற்றி அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் மனத்தில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனத்துத்தான் போயிற்று. ஆனால் பிந்தைய மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ நிலையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதிய அன்றே ஆறுதல் கிடைக்கவில்லையே என்று பயந்துவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தாங்க முடியாத அளவு கனத்தால் பேனாவை வைத்துவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் போங்கள்.

புத்தகத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட வேண்டாம். அந்த நாட்களில் எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை என்பதும் ஒரு வாசிப்புக் குறிப்புதான்.

நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கியதும் என் எழுத்து மாறிவிட்டது. பெரிய புத்தகங்களை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் உங்களுக்காக முழுவதும் எழுதி முடியுங்கள். இரண்டு நாள் கழித்து அதிலிருந்து எடுத்து அனுப்புங்கள். அனுப்புவதற்காகச் சேர்க்கலாம் என்று ஒரு வாக்கியம் தோன்றினால் அதை விட்டுவிடுங்கள். நீக்குவதற்கு மட்டும் அனுமதி. பொழுதுபோக்காகப் படித்த துப்பறியும் கதையை மறைக்காமல் எழுதியபோதுதான் எனக்கு அதிகக் கடிதங்கள் வந்தன. எல்லோரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

மூன்று மாதம் விட்டுப்போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடட்டுமா?

வேண்டாம். ‘ஏப்ரல், மே, ஜூன்: எழுதவில்லை’ என்று ஒரு வரி போட்டுவிட்டு ஜூலையைத் தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கப் போய்த்தான் பலர் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கையால் எழுதுவதா, கணினியிலா?

எது கைக்கு அருகில் இருக்கிறதோ அதில். நான் நினைவிலிருந்து எழுதும் தாளைக் கையால் எழுதுகிறேன், மற்றதைக் கணினியில். கணினியில் எழுதுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அச்செடுத்து வையுங்கள். ஒரு கோப்பைத் திறக்க முடியாமல் ஓராண்டுக் குறிப்பை முழுதாக இழந்தவரை எனக்குத் தெரியும்.

செல்பேசியில் படங்கள், செய்திகள், போன இடங்கள் எல்லாம் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நிமிடத்தில் மாதச் சுருக்கம் தந்துவிடுகிறது. நான் ஏன் எழுத வேண்டும்?

தேதியைச் சரிபார்க்க அந்தப் பதிவுகள் உதவும், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் செல்பேசியில் இருப்பது நீங்கள் படம் எடுத்ததும் தட்டச்சு செய்ததும்தான். அத்தை இருந்த மாதத்தில் என் செல்பேசியில் இருந்தவை மருந்துச் சீட்டின் படம் ஒன்று, மருத்துவமனைக்குப் போன வழி, ஒரு நாளைக்கு நான்கு அலாரம். அவற்றைத் தொகுத்தால் மருந்துக் கணக்கு கிடைக்கும். “இவன் முன்னாலேயே வந்தவனா?” என்ற கேள்வி எந்தப் பதிவிலும் இல்லை.

இன்னொரு காரணம், நினைவைப் பற்றிய கேள்வியில் சொன்னதேதான். மீட்டுப் பார்ப்பது உங்களுக்கு ஆக வேண்டிய வேலை. உங்களுக்காக வேறொன்று மீட்டுக் கொடுத்தால் தாள் நிரம்பும். உங்கள் நினைவில் எதுவும் பதியாது.

பழைய குறிப்புகளைப் படித்தால் கருத்துகள் தவறாகத் தெரிகின்றன, சில தகவல்களும் பிசகு. திருத்தி எழுதிவிடலாமா?

அழிக்காதீர்கள். பிசகுக்கும் ஒரு மதிப்பு உண்டு. பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படித்த இங்கிலாந்துக்காரர்கள் அதை இடைவெளி விட்டு விட்டு நினைவிலிருந்து திரும்பச் சொன்னார்கள். புரியாத பகுதிகள் உதிர்ந்தன. ஓடம் அவர்களுக்குப் பழகிய படகாக மாறியது. நினைவு பொருளை அப்படியே எடுத்துத் தருவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது. உங்கள் பழைய குறிப்பு, அன்றைக்கு நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான சாட்சி. கருத்து மாறினால் ஓரத்தில் இன்றைய தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். பழைய வரி அப்படியே இருக்கட்டும்.

சென்ற ஆண்டு அத்தை வந்திருந்தபோது பழைய குறிப்புகளின் கட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி போடாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் வரும் மாதத்தை ஒரே மூச்சில் படித்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த பழைய மருந்துச் சீட்டை எடுத்துப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பென்சில் கேட்டார். ‘நான்கு வேளை’ என்று நான் எழுதியிருந்ததற்கு நேராக, ஓரத்தில், சிறிய எழுத்தில் எழுதினார்: “முதல் வாரம் ஆறு வேளை. அந்த வாரம் நாளுக்குப் பன்னிரண்டு பக்கம் படித்தாய்.” கீழே தேதியும் போட்டார்.